ஆற்றுக்கு வைத்த மூன்று கல்

மச்சான்,

நேற்று உன் மகள் ஒரு சூளைக்கல்லைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து இத்தனை வருஷமாகக் கிடந்த கல். வீட்டை இடித்துக் கட்டப்போகிறாளாம். "தூக்கிப் போட மனசு வரல மாமா. நீங்களும் அப்பாவும் வேல செஞ்ச சூளக் கல்லுதானே, நீங்க வெச்சிக்கிங்க" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள். "அப்பா ஏன் மாமா சூளைய வுட்டாரு? கண்ணு கெட்டுப்போச்சுன்னு அம்மா சொல்லும். ஆனா கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாமத்தான பேப்பர் படிச்சாரு?"

நாளைக்கு வா சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று சாயங்காலம் வருவாள். யோசிக்க எனக்கு எதுவும் இல்லை, பதில் தெரியும். ஆனால் அவளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது வாய் திறக்காதவன் இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

விருத்தாசலத்தில் நம் சூளையில் நெருப்புப் பார்க்கிற வேலை உன்னுடையது. உள்ளே ஜாடிகளோடு விரல் நீளத்துக்கு மூன்று மண் கூம்புகள் நிற்கும். கோன் என்போம். சுவரில் இருக்கும் ஓட்டையின் அடைப்பை எடுத்து, நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நீ பார்ப்பாய். முதல் கோன் வளைந்தால் தயாராக இரு. இரண்டாவது வளைந்தால் நெருப்பை நிறுத்து. மூன்றாவதும் வளைந்தால் உள்ளே இருக்கிற சரக்கு மொத்தமும் நாசம். எங்களுக்கெல்லாம் உள்ளே வெறும் வெளிச்சம்தான் தெரியும். உனக்கு மட்டும் கோனின் முனை தலை குனியத் தொடங்குவதே தெரிந்துவிடும். உன் கண்ணை நம்பித்தான் அந்தச் சூளையில் அத்தனை பேருக்கும் அடுப்பு எரிந்தது. உனக்கும் அந்தப் பெருமை உண்டு, மறைக்க மாட்டாய்.

நெருப்பை நிறுத்தி வாசலை மண் பூசி அடைத்துவிட்டால் சூளை ஆற இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் நமக்கு லீவு. மழைக்கால ஆரம்பத்தில் ஒரு தடவையாவது மணிமுத்தாற்று மணல்திட்டுக்குப் போய்விடுவோம். ஊருக்கு மேற்கே ஆறு இரண்டாகப் பிரிந்து சேரும் இடம். முன்பக்கம் பெரிய ஓட்டம், பின்பக்கம் கணுக்கால் நனையும் சின்ன ஓட்டம். சின்னதைக் கடந்துதான் திட்டுக்குப் போவோம். சுற்றிலும் வெள்ளையாக நாணல் பூத்திருக்கும். சூளைக் கொட்டகையின் பழைய படுதாவை நாலு மூங்கிலில் கட்டினால் அதுதான் நம் கூடாரம்.

நீ அங்கேயும் சூளைக்காரன்தான். மேற்கே மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும் என்பாய். போனதும் முதல் வேலையாகப் பெரிய ஓட்டத்தின் ஓரத்தில் மூன்று சூளைக்கல்லை வரிசையாக நடுவாய். தண்ணீரிலிருந்து ஒரு முழம் தள்ளி முதல் கல், இன்னொரு முழத்தில் இரண்டாவது, அதற்கும் மேலே மூன்றாவது. "மொதக் கல்லு நனைஞ்சா மூட்ட கட்டு. ரெண்டாவது நனைஞ்சா மூட்டய வுட்டுட்டு ஓடு." மூன்றாவதைப் பற்றி நீ சொன்னதே இல்லை. ஆற்றுக்கே கோன் வைக்கிற ஒரே ஆள் என் மச்சான்தான் என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த வாரம் போனோம். எழுபதுகளின் தொடக்கம். உன் வீட்டில் மூன்று பேர், உன் தங்கச்சியைச் சேர்த்து என் வீட்டில் மூன்று பேர். உன் மகளுக்கு நாலு வயது, என் பையன் கைக்குழந்தை. மங்கலம்பேட்டை பாய் கடையில் நானே விடியற்காலையில் போய்க் கறி வாங்கி வந்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம் முதல் கல் நனைந்தது என்று பாதி வெந்த சோற்றோடு எல்லாரையும் கரையேற்றிவிட்டாய். அப்புறம் ஒரு சாண் தண்ணீர்கூடக் கூடவில்லை. அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது.

கறி கொதித்துக்கொண்டிருந்தது. நீ விறகு பொறுக்க நாணலுக்குள் போயிருந்தாய். நான் கை கழுவ ஓட்டத்துக்கு இறங்கினேன். முதல் கல்லின் அடி நனைந்திருந்தது.

பார்த்தேன் மச்சான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இன்னும் கால் மணி நேரத்தில் கறி வெந்துவிடும், இந்த ஆள் வந்து பார்த்தால் இதையும் ஆற்றில் கொட்டச் சொல்வான் என்று நினைத்தேன். மூன்று கல்லையும் பிடுங்கி, அதே வரிசையில், அதே இடைவெளியில் மேலே நட்டேன். மூன்றாவது நின்ற இடத்தில் இப்போது முதல் கல், மூன்றாவது கருவேலமரத்து வேர் கிட்ட. பழைய குழிகளைக் காலால் மூடினேன்.

நீ விறகோடு வந்தாய். படுதா அடியில் நின்றபடியே அந்தப் பக்கம் பார்த்தாய். மூன்றும் காய்ந்து நின்றன. "இன்னிக்கு ஆறு நல்ல புள்ளயா இருக்குது மாப்ளே" என்று சொல்லிவிட்டு, நான் அறிந்து முதல் தடவையாக அந்தத் திட்டில் கண்ணை மூடிப் படுத்தாய். கறி வெந்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். இப்போது சொல்லிவிடலாம், இந்தக் கவளத்துக்கு அப்புறம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போன உன் தங்கச்சி கத்தினாள். "அண்ணே, நாம வந்த வழியக் காணோம்ணே."

சின்ன ஓட்டம் இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர். நீ படுதாக் கயிற்றை அறுத்து, ஒரு முனையைத் திட்டிலிருந்த கருவேலமரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரைக்குப் போய் அங்கே இறுக்கிக் கட்டினாய். கயிற்றைப் பிடித்து என் மனைவியையும் பையனையும் நான் கரை சேர்த்தேன். மகளை மரத்தைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு உன் மனைவியை நீ கொண்டுபோய் விட்டாய். கடைசியாக உன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது தண்ணீர் உன் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நடு ஓட்டத்தில் உன் கால் வழுக்கியது. அவள் போய்விட்டாள்.

எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் கரையில் நின்றேன். அப்புறம் உன் கை அவள் தலைமயிரைப் பிடித்து மேலே வந்தது. கரையில் போட்டு முதுகில் அடித்தோம். மண்ணும் தண்ணீருமாகக் கக்கிவிட்டு அழுதாள். அந்த அழுகை கேட்டபோதுதான் நான் உட்கார்ந்தேன்.

உன் மனைவி உன்னைத்தான் திட்டினாள். "சூளைக்குள்ள ஊசி முனை தெரியுற கண்ணுக்கு ஆத்துல தண்ணி வரது தெரியலியா?" நீ வேட்டி முனையால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

இதுவரை நான் செய்தது மடத்தனம். அடுத்தது மடத்தனம் இல்லை. தண்ணீர் வடிந்தபின் நீ தனியாகத் திட்டுக்குப் போய் வந்தாய். கையில் ஒரு கல், இதோ இந்தக் கல். "ரெண்ட ஆறு இழுத்துக்கிச்சு. இது ஒண்ணு நட்டபடியே நிக்குது மாப்ளே. ஆனா நான் இவ்ளோ மேலயா வெச்சேன்? கருவேலமரத்து வேர் கிட்ட?" என்று என் முகத்தைப் பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. உன்னோடு வந்தவன் என்று சாட்சி கேட்டாய். நான் சொன்னேன்: "அங்கதான் வெச்ச மச்சான். அவசரத்துல கண்ணு தப்பியிருக்கும்."

அடுத்த சூளையில் ஓட்டை முன்னால் நின்று கண்ணைக் கசக்கினாய். "ஒண்ணு சாஞ்சுதா ரெண்டு சாஞ்சுதா, நீ ஒருவாட்டி பாரு" என்று நீலக் கண்ணாடியை என்னிடம் நீட்டினாய். பொங்கலுக்கு முன்னால் நீயே போய்க் கேட்டு மண் அரைக்கிற பக்கம் மாறிக்கொண்டாய். உன் இடம் எனக்கு வந்தது. ஓய்வு பெறும் வரை அந்த ஓட்டையில் நான்தான் பார்த்தேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். நீ மண் தூசியில் இருமிக்கொண்டே, "என் மாப்ளைக்குக் கண்ணுன்னா கண்ணு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது இருட்டப்போகிறது. அவள் வந்தாள், சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன், கறி வேகட்டும் என்றுதான் செய்தேன் என்பதையும் விடவில்லை. முடித்ததும் கேட்டாள்: "கல்ல நகத்துனத வுடுங்க மாமா. அவரு வந்து கேட்டாருல்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கல்லை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடியில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். 'போயிட்டு வரேன்' சொல்லவில்லை.

நீ அன்றைக்குக் கேட்டாயே, அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். தண்ணீரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாய் மச்சான். கருவேலமரத்து வேர் பக்கம் நீ போகவே இல்லை. நான் கூடவே நின்று பார்த்தேன்.