பார்லிக்கு எத்தனை ஆயிரம்

பிப்ரவரி 9, 2016. செவ்வாய்

நாளை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்குவதற்கு முன் முட்டையையும் வெண்ணெயையும் தீர்க்க வேண்டும் என்று மாவு கரைத்து அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் பார்த்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஃபிண்டன் போன் செய்தான்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்க அட்ராக்டா. ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு. குதிரையோட மதிப்பு."

"வேணும்னேதான் விட்டேன். எனக்குத் தெரியாது."

"வாங்கின ரசீதைப் பாத்து எழுதுங்க."

"வாங்கினாத்தானே ரசீது? எங்க பெட்டைக்குப் பொறந்தவன். கொட்டுற மழையில, முழங்கால் சேத்துல நின்னு நான் இழுத்துப் போட்ட குட்டி. ரசீதை யாரு கொடுப்பா, மேகமா?"

சிரித்தான். சிரித்துவிட்டு, ரசீது இல்லாத குதிரைக்கு விவரம் தெரிந்த ஒருவர் எழுத்தில் மதிப்பு தர வேண்டும், வாய்ச்சொல் செல்லாது என்றான்.

பார்லிக்கு எட்டு வயது. போன இலையுதிர்காலத்தில் ஒரு மீட்டர் நாற்பது உயரத் தடைகளை மூன்று போட்டிகளில் ஒரு கட்டை விழாமல் தாண்டியவன். என் மகள் எட்னாதான் ஓட்டுகிறாள். ஜூலையில் டப்ளின் போட்டிக்குப் போக வேண்டும், அங்கே நான்கு பேர் கண்ணில் பட வேண்டும், பிறகு சொந்தமாக ஒரு லாயம். இருபத்து மூன்று வயதில் அவள் போட்டிருக்கும் கணக்கு மொத்தமும் அந்த ஒரு முதுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் வேறு என்ன உண்டு? பன்னிரண்டு மாதமும் ஈரம் காயாத நிலமும் சில மாடுகளும், வளர்ந்து வருகிற பார்லியின் தங்கை ஒருத்தியும்.

நான்கு அப்பம் கருகிவிட்டன. பாட்ஜோ வாயைத் திறக்காமல் அவற்றையே எடுத்துத் தின்றார். இருபத்தாறு வருடமாக என் கணவர் இப்படித்தான்.

பிப்ரவரி 12, வெள்ளி

நெட் டூலனை வரச் சொன்னேன். நாற்பது வருடமாகக் குதிரை வாங்கி விற்கிற மனிதன், இந்தப் பக்கத்தில் அவனுக்குத் தெரியாத குளம்பு கிடையாது. போன அக்டோபர் பாலினஸ்லோ குதிரைச் சந்தையில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு "நாப்பதாயிரம், இப்பவே" என்றவன். நாங்கள்தான் கொடுக்கவில்லை.

இன்று பார்லியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான். துக்க வீட்டுக்கு வந்தவனைப் போலப் பெருமூச்சு விட்டான்.

"நல்ல பையன்தான். ஆனா முன்னங்கால் ஒரு இழை வெளிய திரும்புது பாத்தியா? பன்னெண்டாயிரம்னு எழுதித் தரேன்."

"அக்டோபர்ல நாப்பதுன்னு சொன்ன வாய்தானே இது?"

"வாய் சொல்லும் அட்ராக்டா. கை எழுதாது. நாளைக்கே உனக்கு மனசு மாறி விக்க வந்தா, என் கையெழுத்தையே என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவ. என்னை என்ன, நேத்துப் பொறந்தவன்னு நெனச்சியா?"

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. வாங்கக் காத்திருக்கிறவனிடமே போய் விலை கேட்டேனே! இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இன்னும் வாங்காத குதிரையை இங்கே எவனும் உயர்த்திச் சொல்ல மாட்டான்.

"நல்ல பையன்" என்றவன் கண் படாமலிருக்க "கடவுள் காக்கட்டும்" என்று சேர்த்துச் சொல்லவும் இல்லை. அவன் வண்டி வாசலைத் தாண்டியதும் பாட்ஜோ லாயத்துக்குள் போய் அவன் பங்குக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

பிப்ரவரி 13, சனி

பன்னிரண்டாயிரம் என்று கேட்டதிலிருந்து எட்னா என்னோடு பேசவில்லை. சொன்னவன் என்னவோ நான்தான் என்பது போல.

பிப்ரவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையிலேயே சண்டை.

டிசம்பரில் பார்லியைக் கேட்டு ஒரு டச்சுக்காரர் எழுதியிருந்தார். அறுபதாயிரம் யூரோ. எட்னா அன்று அழுத அழுகையில் முடியாது என்று பதில் போட்டோம். அந்தக் கடிதத்தை இன்று எடுத்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்தாள்.

"எழுத்துல இருக்கும்மா. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? அறுபது போடு."

"பதினஞ்சு போதும்," என்றார் பாட்ஜோ.

"பதினஞ்சா! அப்பா, நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதினஞ்சாயிரத்துல எனக்கு என்ன கிடைக்கும்? ஆட்டுக்கடாவா?"

"உசுரோட நிக்கிறவனுக்குச் சவப்பெட்டி அளவு எடுக்கிறீங்க ரெண்டு பேரும். அதுல பெரிய பெட்டி வேற வேணுமாம்." அவர் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

யார் சொல்வது சரி? குறைத்துப் போட்டால், ஏதாவது நடந்த பிறகு என் பெண் வெறுங்கையோடு நிற்பாள். கூட்டிப் போட்டால் வருடத்துக்கு இரண்டு கிடாரிகளை விற்றுத் தவணை கட்ட வேண்டும். குதிரை என் பெயரில் இருக்கிறது, கையெழுத்து நான் போட வேண்டும். எனக்கோ அவனைப் பார்த்தால் ஒரு தொகையும் தோன்றவில்லை. ஈரமூக்கோடு என் சட்டைப் பையைத் துழாவுகிறவன்தான் தோன்றுகிறான்.

மார்ச் 1, செவ்வாய்

டச்சுக்காரர் கடிதத்தை இணைத்து, அறுபதாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எட்னாவுக்காக என்று வீட்டில் சொன்னேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். பேனாவைப் பிடித்திருந்தபோது என் கண்முன் நின்றது நெட் டூலனின் பெருமூச்சுதான். பன்னிரண்டாயிரமா? இந்தா, பார்.

மார்ச் 17, வியாழன்

பேட்ரிக் திருநாள். மழை. ஊர்வலத்துக்குப் போகவில்லை. தவணைக்காக இரண்டு கிடாரிகள் போய்விட்டன.

ஏப்ரல் 24, ஞாயிறு

நேற்றைய போட்டியில் இரண்டாம் இடம். கடவுள் காக்கட்டும்.

ஆனால் தொகை எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. போட்டித் திடலில் ஒருவன் காதுபடவே சொன்னான், "வழிவிடுங்கப்பா, அறுபதாயிரம் வருது." எட்னா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நாங்களும்தான் மாறிவிட்டோம். முன்பெல்லாம் பகல் முழுக்கக் கழுதையோடு மேய்ச்சலில் கிடப்பான், சேற்றில் புரள்வான். இப்போது காலை ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் தனியாக. கழுதை உதைத்துவிட்டால்? வேலிக்கம்பி கிழித்துவிட்டால்? மற்ற நேரமெல்லாம் லாயத்தில் நின்று கதவுக்கு மேலே தலையை நீட்டிக் கழுதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அவனைப் பீங்கான் தட்டு மாதிரி அலமாரியில வச்சிட்டீங்க," என்கிறார் பாட்ஜோ. நான்தான் வைத்தேன். வேறு என்ன செய்வது?

மே 14, சனி

பார்லி போய்விட்டான்.

மே 16, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலை தீனி வாளியோடு போன எட்னா கத்தினாள். வைக்கோலில் படுத்திருந்தான், உடம்பெல்லாம் வேர்வை, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே கடிக்கப் பார்த்தான். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்நடை டாக்டர் ரோஷீன் அரை மணியில் வந்தாள். உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"குடல் முறுக்கிக்கிச்சு. என் சொந்தக் குதிரையா இருந்தா இங்கயே, அவன் இடத்துலயே, ஊசி போட்டு, நிம்மதியா கண்ணை மூட விட்டுடுவேன்."

எட்னா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள். அவளே சரி என்றுவிட்டாள்.

நான்தான் போன் செய்தேன். ஊசி போடுவதற்கு முன் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறதே. நல்ல குரல் உள்ள ஒரு பெண் எடுத்தாள். டாக்டரிடம் கொடுங்கள் என்றாள். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பே இல்லையா என்று கேட்டாள்.

ரோஷீன் பொய் சொல்லத் தெரியாதவள். "நூத்துக்கு இருபது இருக்கலாம். ஆனா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரப் பயணம், அவன் தாங்குவானான்னு..."

இருபது இருக்கிறது அல்லவா, இவ்வளவு மதிப்புள்ள குதிரைக்கு அந்த இருபதைப் பார்த்துவிடத்தான் வேண்டும், பார்க்காமல் ஊசி போட்டால் இழப்பீடு கிடையாது என்றாள் அந்தப் பெண். ரொம்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள்.

ரோஷீன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "விலை குறைஞ்ச குதிரையா இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. உங்க குதிரை. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன் — ஏத்துங்க.

வலிக்கு ஒரு மருந்து கொடுத்து, நான்கு பேர் தள்ளி அவனை லாரியில் ஏற்றினோம். அவனாகக் கடைசி அடி எடுத்து வைத்தான். நான் சொன்னால் ஏறுகிறவன் அல்லவா. பாட்ஜோ ஓட்டினார், எட்னா பின்னால் அவனோடு நின்றாள், நிற்கக் கூடாதுதான், யார் தடுப்பது? அத்லோன் ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து பலகை உடைகிற சத்தம். பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினோம். விழுந்துவிட்டான். எழுப்ப முடியவில்லை. ரோஷீன் கொடுத்த மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது, அக்கம்பக்கத்து டாக்டர் வர முக்கால் மணி என்றார்கள். அந்த முக்கால் மணியும் அவன் முனகியது... பக்கத்தில் மக்கள் காலைச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது, அதன் அம்மா கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, ஏதாவது பண்ணும்மா," என்றாள் எட்னா. "ஏதாவது பண்ணேன்!"

என்கிட்ட என்னடி இருக்கு? கையில ஒரு போன் இருந்துச்சு. அவ்வளவுதான்.

டாக்டர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அடங்கினான்.

அந்த இருபதுக்காகத்தான் ஏற்றச் சொன்னேனா? இல்லை அறுபதுக்காகவா? இரண்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன். இருபதுக்காக என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை.

மே 19, வியாழன்

துக்கம் விசாரிக்க நெட் டூலன் வந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தேநீரை ஆற விட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எழுபது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் அட்ராக்டா. அவனை மாதிரி ஒருத்தனை நான் பாத்ததில்ல."

இப்போது சொல்கிறான். வெளியே போ என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன்.

ரோஷீனையும் இன்று கேட்டேன், லாயத்திலேயே அடைத்து வைத்ததால்தான் குடல் முறுக்கியதா என்று. "சொல்ல முடியாது. புல்லுல நிக்கிற குதிரைக்கும் வரும்," என்றாள். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது.

மே 22, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் ஒருவர் விடாமல் கையைப் பிடித்துச் சொன்னார்கள்: "நல்லவேளை, பெரிய தொகையா போட்டு வச்சிருந்தீங்க." நானும் ஆமாம் ஆமாம் என்றேன். எட்னா காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 28, செவ்வாய்

காசோலை வந்துவிட்டது. அறுபதாயிரமும் முழுசாக. எட்னாவிடம் நீட்டினேன்.

"அதை வச்சு நான் என்ன பண்ண?"

"லாயம் கட்டணும்னு..."

"அந்த பங்க்ல அவன் கத்தினது அதுக்காகத்தானா? நீயே வச்சுக்கோ."

இவ்வளவு பேசியதே ஒரு மாதத்தில் இதுதான் முதல் தடவை. வங்கியில் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து காரில் அரை மணி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 22, வெள்ளி

டப்ளின் போட்டி ரேடியோவில். பாட்ஜோ அணைத்துவிட்டார்.

செப்டம்பர் 8, வியாழன்

பார்லியின் தங்கை, நான்கு வயது, இன்னும் போட்டி பார்க்காதவள். பத்து நாளாக எட்னா மறுபடி அவள் மேல் சேணம் போடுகிறாள். நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், கிட்டே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னப் போட்டி ஒன்றுக்கு அழைத்துப்போகப் போகிறாளாம். பாட்ஜோவிடம்தான் சொன்னாள்.

மத்தியானம் ஃபிண்டன் வீட்டுக்கே வந்துவிட்டான், படிவத்தோடு. "இவளுக்கு இப்ப ரசீதெல்லாம் கேக்க மாட்டாங்க. அண்ணன் பேரே போதும். தாராளமா இருபத்தஞ்சு போடலாம். எவ்வளவுன்னு எழுதட்டும்?"

"ஃபிண்டன், எவ்வளவு வரைக்கும் போட்டா, டாக்டர் சொன்னதும் நானே முடிவு எடுத்துக்கலாம்? உங்க ஆளுங்க யாரும் மாட்டேன்னு சொல்லாம?"

அவன் பேனாவை மூடினான், திறந்தான். எட்னா கதவருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"ஐயாயிரத்துக்குக் கீழன்னா," என்றான் மெதுவாக, "அவங்க பெரும்பாலும் கேக்கறதில்ல."

நாலாயிரம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

எட்னா ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக வந்து, படிவத்தை எடுத்துத் தொகையைப் பார்த்தாள். மடித்து அவனிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழமை எட்டு மணிக்குக் கிளம்பறோம்மா. நீயும் வரியா?" என்றாள்.