பச்சைக் காகிதம்

செகந்திராபாத், மார்கழி

சௌபாக்கியவதி நாகம்மாவுக்கு ஆசீர்வாதம். நானும் என் தொப்பையும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா?

தேனீ நிறம் அறியுமா என்று பார்க்கும் எங்கள் தெலுங்குக்காரப் புரொபசர், சோதனை முடிந்ததும் பொங்கலுக்கு லீவு தருவதாகச் சொல்லியிருந்தார். சர்க்கரைத் தண்ணீரைப் "பச்ச காகிதம் மீத பெட்டு" என்றார். நானும் தினம் பச்சைத்தாளில் வைத்தேன். நேற்று சர்க்கரைத் தண்ணீர் வைக்காமல் பல நிற வெறும் தாள்களைப் பரப்பினோம். தேனீக்கள் மஞ்சளைத் திரும்பியும் பாராமல் பச்சையில் மொய்த்தன. தெலுங்கில் பச்ச என்றால் மஞ்சளாம்!

அவர் தலையில் கைவைத்துச் சிரித்தார். "நீ சொன்னது தேனீக்குப் புரிஞ்சுது. நேனு சொன்னதுதான் உனக்குப் புரியலேதய்யா!"

இனி வேறு கூட்டுத் தேனீக்களை மஞ்சளுக்கு முதலிலிருந்து பழக்க வேண்டும். ஆகையால் பொங்கலுக்கு வருவதற்கில்லை. குழந்தைகளிடம் பக்குவமாகச் சொல். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. ஊறுகாய் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது; உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். தபால் கட்டும் நேரமாயிற்று.

புருஷோத்தமன்