நீண்டுபோன துளை

தம்பி,

குளியலறைச் சுவரில் கைப்பிடியைத் தேடாதே. நான்தான் கழற்றிவிட்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். விரல் அகலத்துக்குச் சட்டென்று கீழே இறங்கியது. இடுப்பு ஆபரேஷன் ஆன அப்பா பிடித்திருந்தால்?

கைப்பிடித் தகட்டின் துளை சுவர் போல்ட்டோடு பொருந்தவில்லை என்று வட்ட அரத்தால் அராவியிருக்கிறாய், சரி. ஆனால் தகட்டைத் தலைகீழாகப் பிடித்து எதிர்ப்பக்கம் அராவிவிட்டாய். தப்பு தெரிந்ததும் இந்தப் பக்கமும் அராவினாய். துளை பூசணி விதை மாதிரி நீண்டுவிட்டது. அதை மறைக்கத்தான் அவ்வளவு பெரிய வாஷரா? ராத்திரி அந்த வாஷரைப் பற்றி நான் வாயைத் திறந்ததுமே, "எதுல கை வச்சாலும் குத்தம் சொல்லுவியாக்கா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்.

புதுத் தகடு அடுப்பு மேடையில் இருக்கிறது. அட்டையை போல்ட் முனைகளில் அழுத்தி அச்செடுத்துக்கொள். துளையைச் சிறிதாகப் போட்டு, மாட்டி மாட்டிப் பார்த்து அராவு. எது மேல்பக்கம் என்று முதலில் சாக்பீஸால் குறித்துவிடு, சாமி.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபம் வயிற்றை நிரப்பாது. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு அண்ணியிடம் கொடு. மத்தியானம் அப்பாவோடு வந்துவிடுவேன்.

அக்கா

பி.கு.: நேற்று நர்ஸ், "வீட்ல தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். "எம் பையன் கம்பி போட்டிருக்கான், ஆள் எதுக்கு?" என்றார் அப்பா. ஆட்டிக்கூடப் பார்க்கமாட்டார், தம்பி. முழுப் பாரத்தையும் அதில் போட்டுவிடுவார்.