கெண்டை முட்டையும் பெட்டிஷனும்

6 ஓகஸ்ட் 1996, செவ்வாய்
மூன்றாவது தடவை. தேங்காய்த் தும்பில் ஒட்டியிருந்த கெண்டை முட்டைகளில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டன. மிச்சத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கண் வந்திருக்கிறது, வால் வந்திருக்கிறது. ஆனால் வால் கோணிக் கிடக்கிறது. நெஞ்சுப் பக்கம் நீர் கோத்து உப்பியிருக்கிறது. அதற்குள்ளே இதயம், துடிக்கவா வேண்டாமா என்று எப்போதாவது ஒரு தடவை அசைகிறது.

பண்ணைப் பொறுப்பாளர் கிறிஸ்தோபர் சேர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “தாய் மீன் எல்லாம் நல்லாத்தானே நீந்துது, மிஸ் கொறற்றி. தண்ணியில என்ன கொற?” என்கிறார். தண்ணீரில் ஒயில் வாடை அடிக்கிறது என்றேன். மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார். வளர்ந்த மீன் கொஞ்சம் ஒயிலைத் தாங்கும். முட்டைக்குள் இப்போதுதான் இதயமே உருவாகிறது, அது எப்படித் தாங்கும்? சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வில்கமுவ குளத்துக்குக் குஞ்சு கேட்டு மூன்று கடிதம் வந்தாயிற்று. இன்னொரு தடவை செத்தால் பொரிப்பகத்தை மூடிவிடுவார்களாம்.

8 ஓகஸ்ட்
பண்ணைக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரமாக மேலே நடந்தேன். மக்கீன் நானாவின் லொறி கராஜுக்குக் கீழேதான் தண்ணீர் ஒயில் படர்ந்து மினுங்குகிறது. அதற்கு மேலே பளிங்கு. நேரே போய்க் கேட்டேன்.

“ஒரு சொட்டு ஒயில் வாய்க்காலுக்கு விடுறல்ல, தங்கச்சி. எல்லாம் பீப்பாவுல.”

முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய். என்ன மனுஷன் இவர்?

9 ஓகஸ்ட்
கராஜில் லொறி கழுவுகிற மாரிமுத்து அண்ணன் தானாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்றார்.

“பீப்பா நெறைஞ்சா பின்னால ஒரு கொழாய் இருக்குங்க மிஸ். நான்தான் தெறந்து விடுவேன். மொதலாளி சொன்னா செய்யணும்ல. மீன் முட்டைக்கு ஆகாதுன்னு தெரியாதுங்க.”

அவரையும் ஏசிவிட்டேன். அவர் குடியிருக்கும் தோட்டம், தொழிலாளர் லயத்து வீட்டு எண் கேட்டேன், சொல்லிவிட்டுப் போனார்.

12 ஓகஸ்ட், திங்கள்
பெட்டிஷன் எழுதிப் பிரதேச சபைக்கு அனுப்பியாயிற்று. நல்ல சிங்களத்தில், இரண்டு பக்கம். கீழே பிரதிகள்: சுகாதாரப் பரிசோதகர், பிரதேச செயலாளர், பொலிஸ். பிரதி போடாத பெட்டிஷனை இந்த ஊரில் யார் மதிக்கிறார்கள்? கண்கண்ட சாட்சி: மாரிமுத்து, அவருடைய தோட்டம், லயத்து எண்.  மக்கீன் நானா முகத்தைப் பார்க்க வேண்டும்.

16 ஓகஸ்ட்
ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

19 ஓகஸ்ட், திங்கள்
சபை வரவில்லை. சுகாதாரம் வரவில்லை. பொலிஸ் வந்தது.

குழாயைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்களாம். பிறகு சாட்சியைக் கூப்பிட்டு அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அவரிடம் இல்லை. லயத்தில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு அட்டை எங்கிருந்து வரும்? கொழும்பில் ரயிலில் குண்டு வெடித்து ஒரு மாதம் ஆகவில்லை. தமிழன், அட்டை இல்லை, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் சம்சாரம் காத்தாயி அக்கா பண்ணைக்கு ஓடி வந்தார். “மிஸ், அந்த கடுதாசில அவுக பேர யாரு போட்டது?”

நான்தான். நான்தான் போட்டேன். அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. என் பையில் என் அட்டை எப்போதும் இருக்கிறது, அந்தத் திமிர். குழாயைக் காட்டின மனுஷன் உள்ளே, குழாய்க்குச் சொந்தக்காரன் வெளியே. இந்த நாட்டு நீதிக்குத் தீ வைக்க.

20 ஓகஸ்ட்
பொலிஸ் வாசலில் மக்கீன் நானா காலையிலிருந்து நிற்கிறார். கண்டதும் கத்தினேன். அவரும் விடவில்லை. “நான் செஞ்சது பிழதான். நேத்தே கொழாய சீமெந்து போட்டு அடச்சிட்டேன். பொலிசுக்கு அவன்ட பேர எழுதினது நானா, நீங்களா?”

 பிறகு இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விடவில்லை.

23 ஓகஸ்ட்
மக்கீன் நானாவும் நானும் தோட்டத்து மனேஜர் துரையிடம், மாரிமுத்து இந்தத் தோட்டத்து ஆள்தான் என்று கடிதம் வாங்கிப் பொலிசில் கொடுத்தோம். போதாதாம்.

29 ஓகஸ்ட்
புது முட்டை தும்பில் ஒட்டியிருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தேன்.

1 செப்டெம்பர், ஞாயிறு
பொரித்துவிட்டன. வால் நேராக இருக்கிறது. நெஞ்சில் வீக்கம் இல்லை. இதயம் டக் டக்கென்று, எண்ண முடியாத வேகம். கிறிஸ்தோபர் சேர் கை குலுக்கினார். ஞாயிறுப் பூசைக்குக் கோயிலுக்குப் போகவில்லை.

5 செப்டெம்பர்
மாரிமுத்து அண்ணனை நேற்று விட்டார்களாம். இன்று பண்ணைக்கு வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தேத்தண்ணீர் கோப்பையை இடது கையால் வாங்கினார். வலது கையைச் சாரத்து மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்காதவர் மாதிரி, “பொரிச்சிருச்சாங்க மிஸ்?” என்றார். நுணுக்குக்காட்டியில் ஒரு குஞ்சை வைத்துக் கொடுத்தேன். நல்ல கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

“அடிக்குதே. இதுதான் நெஞ்சுங்களா?”

ஆமாம் என்றேன். கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, படியிறங்கும்போது சொன்னார்:

“இன்னொரு கடுதாசி எழுதுனா, என் பேர மட்டும் போடாதீங்க மிஸ்.”