தராசில் பிழையில்லை

ஓரஸ்ட்,

நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். உருளைக்கிழங்கு பிரோகிக் கொழுக்கட்டை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடு, எடை போடாதே.

நேற்று, "மதியச் சாப்பாட்டைக் குப்பையில கொட்டிட்டு என்கிட்ட பொய் சொல்ற"ன்னு கத்தினேன். "கிராம் கிராமா நிறுத்துத்தான் தின்னேன், நோட்டைப் பாரு"ன்னு நீயும் கத்தினாய். இன்று காலை நோட்டைப் பார்த்தேன். தினமும் இரண்டாயிரத்து முந்நூறு கலோரி. இவ்வளவு சாப்பிட்டால் மாதம் ஒரு கிலோ குறையும் என்றுதான் டயட்டீஷியன் சொன்னாள். உனக்கு ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது.

நீ சாப்பாடு நிறுக்கும் சமையலறைத் தராசுதான் கெட்டிருக்கும் என்று பிரிக்காத வெண்ணெய்க் கட்டியை அதில் வைத்தேன். உறையில் போட்டிருப்பது 454 கிராம். தராசு உறையோடு சேர்த்து 457 காட்டியது. சர்க்கரைப் பையும் சரியாக இருந்தது.

சர்ச்சில் எல்லாரும் "உன் புருஷன் இளைச்சு அழகாயிட்டார்"னு சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அழுகை வரவில்லை. வெண்ணெயை உள்ளே வைத்தேன், பாத்திரம் கழுவினேன், கிளினிக்குக்கு போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நர்ஸ், "நாளைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னாள். பத்தே காலுக்கு. நான் லீவு சொல்லிவிட்டேன்.

மார்லிஸ்

டிரக்கின் எஞ்சின் ஹீட்டர் வயரை ராத்திரியே பிளக்கில் சொருகி வை, இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. காலையில் மைனஸ் முப்பது டிகிரியாம்.

பொய் சொல்கிறாய் என்றேனே, மன்னித்துவிடு. நீ பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருக்கிறது.