கண்டக்டர் சொன்ன ‘ரைட்’

வியாழக்கிழமை, இரவு.

அம்மாவின் முழங்காலுக்கு ஹட்டன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியாயிற்று. எனக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.

காலையில் பொகவந்தலாவையில் பஸ் ஏறும்போது, அம்மா ஒரு காலைப் படியில் வைத்ததுமே கண்டக்டர் "ரைட்!" என்று கத்திவிட்டான். பஸ் நகர்ந்தது. அம்மா ரோட்டில் விழுந்தாள். நான் ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ரைட் சொன்னா வண்டி போகும்தானே டீச்சர், வழி விடுங்க" என்றான் கண்டக்டர்.

"ரைட்னா போறது மட்டும் இல்லைங்க. வலது பக்கம்னு அர்த்தம், சரின்னு அர்த்தம், உரிமைன்னும் அர்த்தம். பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். நீங்க செஞ்சது சரியில்ல. விழாம ஏறிப் போறது எங்கம்மாவோட உரிமை. எறங்கி வந்து தூக்கிவிடுங்க."

வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளே இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். ஆனாலும் நான் நகரவில்லை. கடைசியில் அவன் இறங்கி வந்து, அம்மாவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தான். "மன்னிச்சிருங்கம்மா" என்றும் சொன்னான்.

"நீ பஸ்ஸ மறிச்சதச் சொல்லித் தோட்டத்துச் சனமே சிரிக்கப் போகுது. இனிமே வேற பஸ்ல போவோம்டி" என்கிறாள் அம்மா.

கட்டு மாற்றத் திங்கட்கிழமை போக வேண்டும். அதே பஸ்ஸில்தான் போவோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.