வில்பர் துரையும் முப்பத்தெட்டுப் படிகளும்

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
17-8-86, ஞாயிறு.

அன்பு மகள் சகாயசெல்விக்கு அப்பா பாக்கியசாமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுச் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கிற நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நன்றாயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. உன் கடிதமும் போட்டோவும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன.

போட்டோவில் நீ இளைத்துத் தெரிகிறாய். உன் பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிறாரே வில்பர் துரை, அவர் இளைத்ததாகத் தெரியவில்லை. எழுபத்தொரு வயது, காலமெல்லாம் நடந்து தபால் கொடுத்து ரிட்டயர் ஆனவர், உங்கள் ஆராய்ச்சிக்காகத் தொடையில் ஊசி குத்தித் துளி சதை எடுத்தபோதுகூட ஜோக் அடித்தார், வெள்ளிக்கிழமைதோறும் உனக்குக் கேக் கொண்டுவருகிறார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி. போட்டோவில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். இதில் உன் அம்மா வேறு, 'பாவங்க, பொண்டாட்டி இல்லாத மனுசன், நம்ம பொண்ணுக்கு ஒரு தொணையா இருந்துகினு வர்றாரு' என்று பரலோக மாதா திருநாளன்று அவர் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். என் முழங்காலுக்காக இதுவரை ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை.

நீ எழுதிய விஷயத்தை மூன்று தரம் படித்தேன். சதையின் ஒவ்வொரு இழைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, தின்ற சோற்றை மூச்சுக்காற்றில் எரித்து அவைதான் தெம்பு தருகின்றன, வயது ஏற ஏற அவை குறைகின்றன, இருப்பவையும் மந்தமாகின்றன என்கிறாய். நீ எழுதிய இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, அடுப்பென்றே வைத்துக்கொள்கிறேன். காட்பாடி பாசஞ்சரில் இருபத்தாறு வருஷம் கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்கா அடுப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறாய்? கரி குறைந்தால் மட்டுமா நீராவி இறங்கும்? சாம்பல் கட்டிப்போய் அடியிலிருந்து காற்று ஏறாவிட்டால் எவ்வளவு கரி போட்டாலும் புகைதான் வரும். வயசானவர்களுக்குக் குறைவது கரியா, காற்றா, அடுப்பேதானா என்று உன் புரபசரை ஒரு வார்த்தை கேள். தினமும் உடம்பை வருத்தினால் கிழவர்களுக்குக்கூட அடுப்புகள் பெருகுகிறாற்போல் தெரிகிறது, அதே ஆட்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், அதனால் என்னை இருக்கச் சொல்கிறார்கள், அப்பா சரி என்றால் இருக்கிறேன், இல்லையென்றால் டிசம்பரில் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று முடித்திருந்தாய். நீ போய் ஏற்கெனவே மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த மனுஷனின் தொடைக்காக என் பெண் இன்னும் இரண்டு வருஷம் பனியில் கிடக்க வேண்டுமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், டிசம்பரில் வந்துவிடு என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை, நல்லதாகப் போயிற்று.

நேற்று விருத்தாசலம் வந்தான். நான் கரி போட்ட வண்டியை ஓட்டிய டிரைவர், உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது திண்டிவனத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். என்னைவிட ஒரு வயது பெரியவன். தினம் சைக்கிள் மிதித்துப் பிரம்மதேசத்துக்குப் போய் அங்கே வாங்கிப்போட்ட நிலத்தில் மல்லாட்டை பயிர் பார்க்கிறானாம். நமக்கும் ஒரு சின்ன மூட்டை நிலக்கடலை கொண்டுவந்திருந்தான். ஸ்டேஷனுக்கு அழைக்கப் போன நான், வில்பர் துரைக்கு என் பெண் வைக்கிற படியேறும் பரீட்சையை நாமும் வைத்துப் பார்ப்போம், ஏறி முடித்து இரண்டு நிமிஷம் விட்டு நாடி எண்ண வேண்டும் என்றேன். ஓவர் பிரிட்ஜுக்கு முப்பத்தெட்டுப் படி. அவன் மல்லாட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினான், நான் வெறுங்கையோடு ஏறினேன். வில்பர் துரைக்கு இரண்டு நிமிஷம் கழித்து 96 என்று எழுதியிருந்தாய். எனக்கு 92. ஒரே மூச்சில் ஏறினேன். உன் புரபசரிடம் சொல்.

மேலே எழுதியது பொய்யம்மா. கிழித்துப்போட்டு வேறு எழுதலாமென்றால் வீட்டில் இந்த ஒரு ஏர்மெயில் தாள்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, தபாலாபீஸ் பூட்டு. இருபத்து மூன்றாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தொடை இரண்டும் என்னுடையதாகவே இல்லை. மேலே போய்ச் சேர்ந்த விருத்தாசலம் திரும்பிப் பார்த்து, 'இன்னாய்யா பாக்கியம், அங்கயே நின்னுகினு இருக்க, ஸ்டீம் இல்லியா' என்றான். அவன் கிண்டல்தான் செய்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சப் படிகளை ஏறி, அவன் வாட்சைப் பிடிக்க, எண்ணினோம். இரண்டு நிமிஷம் கழித்தும் 124. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் பிளாட்பாரத்து டீக்கடையில் அரைமணி உட்கார்ந்து, மூச்செல்லாம் அடங்கிய பிறகு எண்ணியதுதான் அந்த 92. எங்கேயோ இருக்கிற ஒரு கிழவரை ஜெயிக்க வேண்டுமென்று இப்படிச் செய்தேன். வண்டியில் விருத்தாசலம் நீராவி அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், இறங்கியிருந்தால் இறங்கியது என்றுதான் சொல்வேன், ஒரு நாளும் கூட்டிச் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் மேட்டில் வண்டி நின்றுவிடும். அவனிடம் சொல்லாத பொய்யை உன்னிடம் சொல்ல மனசு கேட்கவில்லை. ஆறு மாதமாகவே படியேற முடிவதில்லை, கோயில் படியைக்கூட ஏறாமல் சுற்றிப் பின்வாசல் வழியாகப் போகிறேன். உன் அம்மா இன்னாசியம்மாளுக்கு இது தெரியாது.

கிழட்டு உடம்பிலும் அடுப்பு பெருகுமா என்று இப்போது எனக்கும் தெரிந்தாக வேண்டும், அதனால் என் பதிலைக் கேள். நீ இரு. இரண்டு வருஷமும் இருந்து முடித்துவிட்டு வா. ஆனால் உன் நோட்டில் வில்பர் துரை பெயருக்குக் கீழே, பாக்கியசாமி, வயது 61, விழுப்புரம், முப்பத்தெட்டுப் படி, இடையில் ஒரு தரம் நின்றார், 124 என்று எழுதிக்கொள். உன் புரபசர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கடைசிப் பக்கத்திலாவது எழுது. நாளையிலிருந்து தினம் காலையில் அந்தப் படிகளை ஏறப்போகிறேன், இன்றைக்கு முடிந்ததைவிட நாளைக்கு ஒரு படி கூட.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசை தவறாதே. அம்மா மல்லாட்டையை வறுத்து டின்னில் அடைக்கிறாள், தபாலில் வரும், வில்பர் துரைக்கும் ஒரு பிடி கொடு, ஒரு பிடி போதும். சேசுவின் திருஇருதயம் உன்னைக் காக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இரண்டு வருஷம் கழித்து என் நாடியை நானே எண்ணினால் மறுபடி டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். நீதான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குப் படியேறும் அப்பா,
அ. பாக்கியசாமி